சினிமாவை விட்டுச் சின்னத்திரைக்கு வந்த ராமானந்த் சாகர்: ஒரு படநிறுவனத்தின் துணிவும் அதன் விளைவுகளும்

மும்பை: இந்தித் திரையுலகில் எழுத்தாளர், இயக்குநர், தயாரிப்பாளர் என மூன்று நிலைகளிலும் வெற்றி கண்ட ஒருவர், ஓய்வு பெற வேண்டிய வயதில் தமது படநிறுவனத்தையே தொலைக்காட்சியின் பக்கம் திருப்பினார். சின்னத்திரை என்பது வாய்ப்பு இழந்தவர்களின் புகலிடம் என்று திரையுலகம் எண்ணிய காலம் அது. அவர் எடுத்த அந்த முடிவு இந்தியத் தொலைக்காட்சியின் போக்கை மாற்றியது. நாட்டின் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளையும் மாற்றியது. 'ராமாயணம்' தொடரின் வழியாக வீடுதோறும் அறியப்பட்ட ராமானந்த் சாகரின் வாழ்க்கை, புதிய ஊடகத்தை உரிய நேரத்தில் அடையாளம் கண்ட ஒரு கதைசொல்லியின் வரலாறு.

லாகூரில் பிறப்பு, காஷ்மீரில் வேர்

1917-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் தேதி, இன்றைய பாகிஸ்தானில் உள்ள லாகூருக்கு அருகே ராமானந்த் சாகர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சந்திரமௌலி சோப்ரா. அவருடைய முன்னோர் லாகூரிலிருந்து காஷ்மீருக்குக் குடிபெயர்ந்து, ஸ்ரீநகரில் வணிகம் செய்து வசதியுடன் வாழ்ந்தவர்கள். ஆண் வாரிசு இல்லாத தாய்வழிப் பாட்டி அவரைத் தத்தெடுத்துக்கொண்டபோது ராமானந்த் என்ற பெயர் அமைந்தது. தாயை இளம் வயதிலேயே இழந்தார். பின்னாளில் புகழ்பெற்ற திரைப்பட இயக்குநரான விது வினோத் சோப்ரா, தந்தையின் மறுமணத்தின் வழி வந்த தம்பி.

வசதியான குடும்பத்தில் பிறந்தபோதும் இளமைக் காலம் எளிதாக அமையவில்லை. பகலில் அலுவலக ஏவலராகவும், லாரி கழுவுபவராகவும், சோப்பு விற்பவராகவும், பொற்கொல்லரிடம் பயிற்சியாளராகவும் வேலை செய்தார். இரவில் படித்தார். சமஸ்கிருதத்திலும் பாரசீகத்திலும் புலமை பெற்று, பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கம் வென்றார். இவ்விரு மொழிப் பயிற்சியும் பிற்காலத்தில் அவருடைய எழுத்துக்கு இரண்டு கைகளாக அமைந்தன.

லாகூரில் நாளிதழ் ஆசிரியர் பணியில் இருந்துகொண்டே உருது மொழியில் சிறுகதைகளும் நாவல்களும் எழுதினார். இதற்கிடையே காசநோய் தாக்கியது. அந்நோய்க்கு நம்பகமான மருந்து இல்லாத காலம் அது. சிகிச்சை பெற்றுவந்த நாள்களில், ஒரு காசநோயாளியின் நாட்குறிப்பு என்ற வடிவில் தொடர் கட்டுரைகளை எழுதினார். லாகூர் இதழ் ஒன்றில் வெளியான அந்தத் தொடர், இலக்கிய வட்டத்தில் அவருடைய பெயரை நிலைநிறுத்தியது.

பிரிவினை தந்த நாவல்

1947-இல் நாடு பிரிக்கப்பட்டபோது நேர்ந்த படுகொலைகளும் இடப்பெயர்வும் சாகரின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டன. பிறந்த மண் அயல்நாடானது. காஷ்மீரும் போர்க்களமானது. குடும்பத்துடன் ஸ்ரீநகரை விட்டு விமானத்தில் வெளியேறிய அவர், உடைமைகளைவிடத் தமது கையெழுத்துப் பிரதிகளைக் காப்பதிலேயே கவனமாக இருந்தார் என்பது அவருடைய குடும்பத்தினர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

அந்தக் கொடுமைகளைப் பின்னணியாகக் கொண்டு அவர் எழுதிய 'ஔர் இன்சான் மர் கயா' என்ற உருது நாவல் 1948-இல் வெளிவந்தது. மனிதன் மாண்டுபோனான் என்பது அத்தலைப்பின் பொருள். பிரிவினையின் அவலத்தை உடனடியாகப் பதிவுசெய்த படைப்புகளில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. பின்னாளில் சமஸ்கிருதச் சொற்கள் நிறைந்த இந்தி உரையாடல்களால் அறியப்பட்டவர், உருது இலக்கியத்திலிருந்து வந்தவர் என்பதைத் தொலைக்காட்சி நேயர்களில் பலர் அறிந்ததில்லை.

பம்பாயிலிருந்து சென்னைக்கு

திரைப்படத் துறை சாகருக்கு முற்றிலும் புதியதன்று. மௌனப்படக் காலத்திலேயே, 1930-களின் தொடக்கத்தில், படப்பிடிப்புத் தளத்தில் கிளாப் அடிக்கும் உதவியாளராகச் சிறிது காலம் பணியாற்றியிருந்தார். பிரிவினைக்குப் பின் பம்பாய்க்கு வந்தவர், பிருத்விராஜ் கபூரின் பிருத்வி தியேட்டர்ஸ் நாடகக் குழுவில் மேடை உதவியாளராகச் சேர்ந்தார். அந்தத் தொடர்பு பிருத்விராஜின் மகன் ராஜ் கபூரிடம் கொண்டுசேர்த்தது. 1949-இல் வெளியாகிப் பெருவெற்றி பெற்ற 'பர்சாத்' படத்தின் கதையையும் திரைக்கதையையும் எழுதியவர் சாகரே.

1950-இல் சொந்தப் படநிறுவனத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் சாகர் ஆர்ட்ஸ் என்ற பெயரில் நிலைபெற்றது. 'மெஹ்மான்', 'பாஜூபந்த்' போன்ற தொடக்ககாலப் படங்கள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. சொந்த நிறுவனம் தடுமாறிய அந்த வேளையில் அவருக்குக் கைகொடுத்தது சென்னை.

ஜெமினி ஸ்டுடியோஸ் அதிபர் எஸ்.எஸ்.வாசன், தமிழகத்திலிருந்தே இந்திப் படங்களைத் தயாரித்து நாடு முழுவதும் வெளியிட்டுவந்தார். அவருடைய நம்பிக்கைக்குரிய எழுத்தாளர்களுள் ஒருவரானார் சாகர். திலீப் குமார், வைஜயந்திமாலா, ராஜ் குமார் ஆகியோர் நடிக்க வாசன் இயக்கிய 'பைகாம்' 1959-இல் வெளியானது. ஆலைத் தொழிலாளர் சிக்கலைப் பேசிய அப்படத்தின் உரையாடலுக்காகச் சாகர் பிலிம்பேர் விருது பெற்றார். அதே கதை தமிழில் சிவாஜி கணேசன் நடித்த 'இரும்புத்திரை'யாக 1960-இல் வெளிவந்தது.

அடுத்து ஜெமினிக்காக 'கூங்கட்', 'ஜிந்தகி' ஆகிய இந்திப் படங்களைச் சாகரே இயக்கினார். 1964-இல் வெளியான 'ஜிந்தகி'யின் கதை, மறு ஆண்டே தமிழில் 'வாழ்க்கைப் படகு' ஆனது. தளம், கலைஞர்கள், தொழில்நுட்பப் பிரிவுகள் அனைத்தும் ஒரே வளாகத்தில் இயங்கும் ஜெமினியின் முறையைச் சாகர் அருகிலிருந்து கண்டார். இருபது ஆண்டுகளுக்குப் பின் குஜராத்தின் ஒரு கடலோர ஊரில் அவர் அமைத்துக்கொண்ட பணிமுறையும் ஏறத்தாழ அத்தகையதே.

சாகர் ஆர்ட்ஸின் பொற்காலம்

1960-களின் நடுப்பகுதியில் சொந்த நிறுவனம் தலைநிமிர்ந்தது. காஷ்மீரின் இயற்கை எழிலைப் பின்னணியாகக் கொண்டு, ராஜேந்திர குமார், சாதனா நடிப்பில் 1965-இல் வெளியான 'ஆர்ஜூ' பெருவெற்றி பெற்றது. தர்மேந்திரா, மாலா சின்ஹா நடித்த உளவுத்துறைக் கதையான 'ஆங்கேன்' 1968-இல் வெளிவந்து, சிறந்த இயக்குநருக்கான பிலிம்பேர் விருதை அவருக்குப் பெற்றுத்தந்தது. தொடர்ந்து 'கீத்', 'லல்கார்', 'சரஸ்' போன்ற படங்கள் வெளியாயின. அந்தேரியில் இருந்த நட்ராஜ் ஸ்டுடியோவின் பங்குதாரர்களுள் ஒருவராகவும் சாகர் விளங்கினார். சுபாஷ், சாந்தி, ஆனந்த், பிரேம், மோதி ஆகிய ஐந்து புதல்வர்களும் இருந்தமையால், நிறுவனம் குடும்பத் தொழிலாகவே வேரூன்றியது.

ஐரோப்பிய உணவகத்தில் கண்ட பெட்டி

1976-இல் வெளியான 'சரஸ்' படத்தின் படப்பிடிப்புக்காகச் சாகர் குழுவினர் ஐரோப்பா சென்றிருந்தனர். அங்கு ஓர் உணவகத்தில் அவர் முதன்முறையாக வண்ணத் தொலைக்காட்சியைக் கண்டார் என்றும், தமது எதிர்காலம் இனி அந்தப் பெட்டியில்தான் உள்ளது என்று அப்போதே முடிவுசெய்தார் என்றும் அவருடைய மகன் பிரேம் சாகர் எழுதிய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. ராமன், கிருஷ்ணன், துர்கை ஆகியோரின் கதைகளைத் தொலைக்காட்சியில் சொல்ல வேண்டும் என்பது அன்று அவர் வகுத்துக்கொண்ட திட்டம்.

அன்றைய இந்தியச் சூழலில் அது கனவாகவே தோன்றியிருக்கும். தூர்தர்ஷன் 1976-இல்தான் அகில இந்திய வானொலியிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி அமைப்பானது. ஒளிபரப்பு கறுப்பு வெள்ளையில் இருந்தது. சில நகரங்களைத் தாண்டிப் பரவவும் இல்லை. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பும் தேசிய நிகழ்ச்சியும் தொடங்கின. அடுத்தடுத்து ஒளிபரப்பு நிலையங்கள் பெருகின.

1984-இல் 'ஹம் லோக்' தொடர் வெற்றிபெற்றது. தயாரிப்பாளர் தொடரை எடுப்பார். விளம்பரதாரர் செலவை ஏற்பார். தூர்தர்ஷன் நேரம் ஒதுக்கும் என்ற முறை வலுப்பெற்றது. 'ஷோலே' படத்தை இயக்கிய ரமேஷ் சிப்பி, 1986-இல் 'புனியாத்' தொடருடன் சின்னத்திரைக்கு வந்தார். எனினும் சாகர் திட்டமிட்டதோ புராணத் தொடர். அரண்மனை, போர்க்களம், ஆயுதம், ஆடை, அணிகலன் என்று செலவு வளர்ந்துகொண்டே போகும் வகை அது. மகுடம் அணிந்த பாத்திரங்களைக் கொண்ட தொடருக்குப் பணம் போட எவரும் எளிதில் முன்வரவில்லை.

வேதாளம் காட்டிய வழி

எனவே சாகர் ஆர்ட்ஸ் முதலில் ஒரு வெள்ளோட்டம் பார்த்தது. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காஷ்மீரப் புலவர் சோமதேவர் சொன்ன வேதாளக் கதைகளைத் தழுவி 'விக்ரம் ஔர் பேதாள்' என்ற தொடர் உருவானது. தமிழர்க்கு நன்கு தெரிந்த விக்கிரமாதித்தன்–வேதாளம் கதைகளே அவை. 26 பகுதிகள் கொண்ட அத்தொடர் 1985-இல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பானது.

இந்தத் தேர்வில் ஒரு கணக்கு இருந்தது. வேதாளம் சொல்வது ஒவ்வொரு முறையும் தனிக்கதை. ஆகவே ஒரு பகுதியில் அரசனாக வந்தவர் அடுத்த பகுதியில் வேறொருவராக வரலாம். நடிகர்களை மாற்றி மாற்றிப் பார்த்து, திரையில் யாருக்கு எந்த வேடம் பொருந்துகிறது என்பதை அறிய முடிந்தது. மாயக்காட்சிகளைக் குறைந்த செலவில் ஒளிப்பதிவு உத்திகளால் உருவாக்கும் பயிற்சியும் கிடைத்தது. விக்கிரமனாக நடித்த அருண் கோவில், அத்தொடரில் பல வேடங்களில் தோன்றிய தீபிகா சிக்கலியா, சுனில் லஹரி ஆகியோரே பின்னர் ராமனாகவும் சீதையாகவும் இலக்குவனாகவும் நாடறிந்தனர். குழந்தைகளுக்கான கதை என்று கருதப்பட்ட தொடர், உண்மையில் ஒரு பெருந்திட்டத்தின் ஒத்திகையாக அமைந்தது.

69 வயதில் 'ராமாயணம்'

மத்திய தகவல் ஒலிபரப்புத் துறையின் செயலாளராக இருந்த எஸ்.எஸ்.கில், இதிகாசங்களைத் தொடராக்கும் எண்ணத்துக்கு ஆதரவாக இருந்தார். மதச்சார்பற்ற அரசின் ஊடகம் ஒரு சமயத்தின் புனித நூலைத் தொடராக ஒளிபரப்புவது முறையா என்ற கேள்வி அரசு வட்டாரங்களில் எழுந்தது. தயக்கங்களைக் கடந்து அனுமதி கிடைத்தது. 1987-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை 9.30 மணிக்கு 'ராமாயணம்' தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பானது. அப்போது சாகருக்கு வயது 69.

கதைக்கு அவர் ஒரே நூலைச் சார்ந்திருக்கவில்லை. வால்மீகியின் சமஸ்கிருத மூலமும் துளசிதாசரின் 'ராமசரிதமானசமும்' அடித்தளமாக இருந்தன. அவற்றுடன் கம்பரின் தமிழ்க் காவியமும், வங்கத்தின் கிருத்திவாசர், மராத்தியின் ஏகநாதர் உள்ளிட்டோர் இயற்றிய ராமாயணங்களும் துணைநூல்களாகக் கொள்ளப்பட்டன. சீதையின் தீக்குளிப்பு போன்ற இடங்களில், உண்மையான சீதை அக்கினியின் பாதுகாப்பில் இருந்தாள் என்னும் துளசிதாசரின் வழியைச் சாகர் பின்பற்றினார். எந்த மூலத்திலிருந்து எதை எடுப்பது என்ற முடிவில் பக்தரும் எழுத்தாளரும் சேர்ந்தே செயல்பட்டனர்.

உம்பர்காவ் என்ற அயோத்தி

படப்பிடிப்புக்குச் சாகர் தேர்ந்தெடுத்த இடம், மகாராஷ்டிர எல்லைக்கு அருகே குஜராத்தில் உள்ள உம்பர்காவ். அங்கிருந்த விருந்தாவன் ஸ்டுடியோவில் அயோத்தி, மிதிலை, இலங்கை ஆகிய நகரங்களின் அரங்கங்கள் எழுப்பப்பட்டன. மும்பையின் நெரிசலிலிருந்து விலகி, நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் அங்கேயே தங்கினர். ஏறத்தாழ 550 நாள்கள் படப்பிடிப்பு நீடித்தது.

மல்யுத்த வீரரும் நடிகருமான தாரா சிங், 58 வயதைக் கடந்த நிலையில் அனுமனாக நடித்தார். 1976-இல் வந்த 'பஜ்ரங்பலி' படத்திலும் அவர் அதே வேடம் ஏற்றிருந்தார். படகோட்டி கேவட் வேடத்துக்கான தேர்வுக்கு வந்த குஜராத்தி நடிகர் அரவிந்த் திரிவேதியின் நடையிலும் குரலிலும் ராவணனைக் கண்டார் சாகர். மூத்த நடிகை லலிதா பவார் மந்தரையாக வந்தார். ரவீந்திர ஜெயின் இசையமைத்தார். ஆனந்த் சாகரும் மோதி சாகரும் இயக்கத்தில் தந்தைக்குத் துணைநின்றனர்.

கணினி வரைகலை எட்டாத காலம் அது. அம்புகள் வானில் மோதுவதையும் அனுமன் கடல் தாண்டுவதையும் ஒளிப்பதிவுத் தந்திரங்களாலும் காட்சி இணைப்புகளாலும் உருவாக்கினர். ஒரு பகுதிக்குச் சுமார் 9 லட்சம் ரூபாய் செலவானதாகக் கூறப்படுகிறது. அன்றைய தொலைக்காட்சி அளவுகோலில் அது மிகப் பெரிய தொகை. வாரந்தோறும் ஒரு பகுதியை முடித்துத் தர வேண்டிய நெருக்கடி வேறு. அரங்கம் அமைப்பது, எழுதுவது, படமாக்குவது, தொகுப்பது என்று நான்கு வேலைகளும் ஒரே நேரத்தில் நடந்தன. திரைப்படத் துறையில் நெடுங்காலம் பெற்ற தொழில் ஒழுங்கு இல்லாமல் அந்த வேகம் கைகூடியிருக்காது.

வெறிச்சோடிய வீதிகள்

தொடரின் வரவேற்பு எவரும் எதிர்பாராத அளவை எட்டியது. ஞாயிறு காலையில் வீதிகள் வெறிச்சோடின. கடைகள் தாமதமாகத் திறந்தன. திருமண வீட்டார் நிகழ்ச்சி நேரத்தை மாற்றியமைத்தனர். பல வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை சூட்டப்பட்டது. பெட்டி இல்லாதவர்கள் பெட்டி இருந்த வீடுகளில் கூடினர். இந்தி பரவலாக அறியப்படாத தமிழகத்திலும், கதை தெரிந்ததால் மொழி பெரிய தடையாக அமையவில்லை. தயங்கிநின்ற விளம்பர நிறுவனங்கள், அந்த நேரத்தில் இடம் பிடிக்கப் போட்டியிட்டன.

52 பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட தொடர் நீட்டிக்கப்பட்டு, 78 பகுதிகளுடன் 1988-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி ராமனின் முடிசூட்டு விழாவுடன் நிறைவுற்றது. கம்பரும் தமது காவியத்தை அந்த இடத்திலேயே நிறைவு செய்திருக்கிறார்.

ஆனால் கதை அங்கு முடிவதை ஏற்காத ஒரு தரப்பினர் இருந்தனர். வால்மீகியைத் தங்கள் குலகுருவாகப் போற்றும் வட இந்தியத் தூய்மைப் பணியாளர்கள், உத்தர காண்டத்தையும் ஒளிபரப்ப வேண்டும் என்று கோரினர். காட்டுக்கு அனுப்பப்பட்ட சீதைக்கு அடைக்கலம் தந்து, லவனையும் குசனையும் வளர்த்து ஆளாக்குபவர் வால்மீகியே என்பதால், அக்காண்டம் அவர்களுக்கு உரிமைப் பிரச்சினையாக இருந்தது. பஞ்சாபின் ஜலந்தரில் தொடங்கிய வேலைநிறுத்தம் பிற நகரங்களுக்கும் பரவியது. குப்பை தேங்கிச் சுகாதாரச் சிக்கல் எழ, அரசு இறங்கிவந்தது. தொடர்ச்சியாக உத்தர ராமாயணத்தைச் சாகர் தயாரித்து அளித்தார். ஒரு தொலைக்காட்சித் தொடரின் கதை எங்கு முடிய வேண்டும் என்பதற்காக உழைக்கும் மக்கள் போராடி வென்ற நிகழ்வு, அந்த ஊடகம் அடைந்திருந்த வலிமைக்குச் சான்றானது.

போற்றுதலும் கேள்விகளும்

'ராமாயணம்' ஒருமனதாகப் போற்றப்படவில்லை. நீண்ட வசனங்களும் மெதுவான நகர்வும் விமர்சகர்களின் கேலிக்கு உள்ளாயின. அதைவிட ஆழமான கேள்வியை வரலாற்றறிஞர் ரொமிலா தாப்பர் போன்றோர் எழுப்பினர். மொழிக்கும் வட்டாரத்துக்கும் ஏற்ப எண்ணற்ற வடிவங்களில் வாழும் ராமகதையை, அரசு ஊடகம் ஒற்றை வடிவமாகச் சுருக்கிவிடும் என்பது அவர்களின் அச்சம். அயோத்தி விவகாரம் அரசியலின் மையத்துக்கு வந்துகொண்டிருந்த ஆண்டுகளில் தொடர் ஒளிபரப்பானதால், அரசியல் மாற்றத்தில் அதன் பங்கு என்ன என்பதை ஆய்வாளர்கள் இன்றளவும் விவாதிக்கின்றனர். சீதையாக நடித்த தீபிகாவும் ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் 1991-இல் பாரதிய ஜனதா கட்சியின் சார்பில் குஜராத்திலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ராமனாக நடித்த அருண் கோவில் 2024-இல் அதே கட்சியின் சார்பில் மீரட் தொகுதியில் வெற்றிபெற்றார்.

தொழில்துறையில் விளைவு உடனடியாகத் தெரிந்தது. 1988 அக்டோபர் 2-ஆம் தேதி மற்றொரு மூத்த திரைப்படத் தயாரிப்பாளரான பி.ஆர்.சோப்ராவின் 'மகாபாரதம்' தொடங்கியது. 94 பகுதிகள் ஓடியது. திரைப்பட நிறுவனங்கள் தொலைக்காட்சியைத் தாழ்வாகக் கருதிய காலம் முடிவுக்கு வந்தது. ஞாயிறு காலை நேரம் விளம்பரச் சந்தையில் மதிப்புமிக்கதானது. புராணத் தொடர் என்பது தனி வகைமையாக வளர்ந்து, பின்னர் தனியார் அலைவரிசைகளிலும் தொடர்ந்தது.

நிறைவுக் காலம்

'ராமாயணம்' தொடருக்குப் பின் சாகர் பெரிய திரைக்குத் திரும்பவில்லை. 1993-இல் தொடங்கிய 'ஸ்ரீ கிருஷ்ணா' தொடர் 200-க்கும் மேற்பட்ட பகுதிகளாக வளர்ந்தது. அதே காலத்தில் அராபிய இரவுக் கதைகளைத் தழுவி 'அலிஃப் லைலா' தொடரையும் சாகர் நிறுவனம் தயாரித்தது. ராமகதையைச் சொன்ன அதே நிறுவனம் அராபியக் கதைகளையும் அதே ஈடுபாட்டுடன் சொன்னதில் வியப்பில்லை. சமஸ்கிருதத்தையும் பாரசீகத்தையும் ஒருசேரக் கற்றவரின் நிறுவனம் அது.

2000-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. உடல்நலக் குறைவுக்குப் பின், 2005-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி மும்பையில் தமது 87-ஆவது வயதில் அவர் காலமானார்.

அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 2020 மார்ச் 28-ஆம் தேதி, கொரோனா பொதுமுடக்கத்தில் வீடடைந்து கிடந்த மக்களுக்காகத் தூர்தர்ஷன் 'ராமாயணம்' தொடரை மீண்டும் ஒளிபரப்பியது. நூற்றுக்கணக்கான அலைவரிசைகளும் இணையத் திரைகளும் வந்துவிட்ட காலத்திலும் கோடிக்கணக்கானோர் அதைப் பார்த்தனர். உம்பர்காவில் கையால் வரைந்த அரண்மனைகளும், நூலில் கட்டி விட்டதுபோலப் பறக்கும் அம்புகளும் புதிய தலைமுறையின் கண்ணுக்குப் பழமையாகத் தோன்றியிருக்கலாம். ஆயினும் முதல் ஒளிபரப்பைப் பார்த்த பெற்றோர், அதைத் தங்கள் பிள்ளைகளுடன் அமர்ந்து மீண்டும் பார்த்தனர்.